பழைய கேன்டிலீவர் பிரேக்குக்குக் கூல்-ஸ்டாப் ஈகிள் 2 கட்டைகள்

வான்கூவரில் அக்டோபர் பிறந்தால் மழை பிடித்துக்கொள்ளும். வசந்தம் வரும்வரை சைக்கிள் சக்கரத்தின் ரிம் (உலோக விளிம்பு) காய்ந்திருக்கும் நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1991-இல் செய்யப்பட்ட என் எஃகுச் சட்ட சைக்கிளில் இருப்பவை, சக்கரத்தின் இருபுறமும் உள்ள இரண்டு கைகள் கட்டைகளை ரிம்மில் அழுத்தும் ஷிமானோ கேன்டிலீவர் பிரேக்குகள். ஈரத்தில் அவை பிடிப்பதற்குள் வண்டி பாதிச் சரிவைக் கடந்துவிடும். பிடித்த பிறகோ தெருவே திரும்பிப் பார்க்கும்படி கிறீச்சிடும். அதற்காகவே அமெரிக்க நிறுவனமான கூல்-ஸ்டாப்பின் ஈகிள் 2 பிரேக் கட்டைகளை, சால்மன் மீனின் இளஞ்சிவப்பு நிறத்தில் வருபவற்றை, வாங்கிப் பொருத்தினேன். இரண்டு மழைக்காலங்கள் ஓட்டிய பின் இதை எழுதுகிறேன்.

இந்தக் கட்டை இரண்டு வகையில் வருகிறது. 1990-களின் பிற்பகுதியில் பரவிய வி-பிரேக்குக்கு மரையுள்ள தண்டு கொண்டது வேண்டும். பழைய கேன்டிலீவருக்கு மரையில்லாத வழவழப்பான தண்டு கொண்டதைக் கேட்டு வாங்க வேண்டும். கட்டையின் முன்முனை ஏர்க்கொழுவைப் போல் கூராக இருந்து ரிம்மிலுள்ள நீரையும் சேற்றையும் ஒதுக்குகிறது. பின்முனையில் ஒரு சிறிய ரப்பர் மேடு இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை, கொடுத்த விலை அந்த மேட்டுக்கே தகும்.

காரணம் இதுதான். கேன்டிலீவரில் கட்டையின் தண்டு, துளையுள்ள தலைகொண்ட கண்போல்ட்டுக்குள் முன்னும் பின்னும் நகரும், மேலும் கீழும் ஏறி இறங்கும், தன்னைச் சுற்றியும் சுழலும், பக்கவாட்டிலும் சாயும். இத்தனை அசைவுகளையும் ஒரே நட்டு பிடித்து நிறுத்துகிறது. கிறீச்சொலி வராமலிருக்கக் கட்டையின் முன்முனை ரிம்மை முதலில் தொட வேண்டும். பின்முனை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் விலகி நிற்க வேண்டும். முன்பெல்லாம் பின்முனைக்கு அடியில் மடித்த அட்டையைச் செருகி, ஒரு கையால் 5 மி.மீ. ஆலன் கீயையும் மறு கையால் 10 மி.மீ. ஸ்பேனரையும் பிடித்து, மூன்றாவது கை இல்லையே என்று தவிப்பேன். இப்போது கட்டையை ரிம்மோடு அழுத்தினால் மேடே அந்தச் சாய்வைத் தந்துவிடுகிறது. நட்டை முறுக்கினால் போதும். ஆனாலும் முறுக்கும்போது போல்ட் கட்டையையும் இழுத்துக்கொண்டு சுழலப் பார்க்கும் என்பதால், ஆலன் கீயை அசையாமல் பிடித்திருப்பது அவசியம்.

கட்டைகள் எவ்வளவு நல்லவையாக இருந்தாலும் பிரேக் நடுவில் நிற்காவிட்டால் பயனில்லை. என் வண்டியில் இடப்பக்கக் கட்டை எப்போதும் ரிம்மை உரசிக்கொண்டிருந்தது. பழுதுபார்க்கக் கொடுத்த ஓரிடத்தில், பிரேக் கையிலுள்ள சிறு ஸ்பிரிங் திருகை முடியும்வரை முறுக்கிவிட்டு, பிரேக்கையே மாற்ற வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தத் திருகை முறுக்கினால் அது இருக்கும் பக்கத்துக் கை ரிம்மிலிருந்து விலகும், தளர்த்தினால் நெருங்கும் என்பது உண்மைதான். ஆனால் அது கால் சுற்று, அரைச் சுற்றில் தீர வேண்டிய நுண் சரிசெய்தல். அதற்கு மேல் தேவைப்பட்டால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. வீட்டில் பிரேக்கின் இரு கைகளையும் கழற்றிப் பார்த்தபோது, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் கை பொருந்தும் முளையில் பழைய கிரீஸ் மெழுகுபோல் இறுகியிருந்தது. அங்குள்ள மூன்று துளைகளில் ஒரு ஸ்பிரிங்கின் முனை நடுத்துளையிலும் மற்றதன் முனை மேல்துளையிலும் செருகப்பட்டிருந்தது. முளையைத் துடைத்துப் புதுக் கிரீஸ் தடவி, இரண்டையும் நடுத்துளையில் செருகி, போல்ட்டை அளவோடு முறுக்கியதும் (மிகையாக முறுக்கினால் முளையின் வாய் விரிந்து கை இறுகிவிடும்) இரு கைகளும் ஒன்றுபோல் விலகி நின்றன. திருகைக் கால் சுற்று திருப்பினேன், உரசல் போயிற்று. இந்த வேலைக்கு முன் சக்கரம் அச்சில் நேராக அமர்ந்திருக்கிறதா, கோட்டம் எடுக்க வேண்டியிருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. கோணிய சக்கரத்துக்குப் பிரேக்கை நடுப்படுத்த எவராலும் முடியாது.

பிரேக்கின் இரு கைகளையும் இணைக்கும் குறுக்குக் கம்பியைத் தாழ்த்தினால் பிடிக்கும் விசை கூடும், ஆனால் லீவரை அதிக தூரம் இழுக்க வேண்டிவரும். குறுக்குக் கம்பி தனியாக உள்ள முன் பிரேக்கில் இன்னோர் ஆபத்தும் உண்டு: மேலிருந்து வரும் கேபிள் அறுந்தால் அக்கம்பி டயரின் மேல் விழுந்து சக்கரத்தை ஒரேயடியாக நிறுத்திவிடக்கூடும். அதைத் தாங்கிக்கொள்ள மட்கார்டோ பிரதிபலிப்பானின் பட்டையோ அங்கே இருக்கட்டும். அழகுக்காக அதைக் கழற்றிவிடாதீர்கள்.

இப்போது ஈரத்திலும் லீவரைத் தொட்டவுடன் பிடிப்பு தெரிகிறது. கிறீச்சொலி அறவே இல்லை. முன்பிருந்த மலிவான கட்டைகளில் அலுமினியத் துணுக்குகள் பதிந்து ரிம்மைக் கீறிக்கொண்டிருந்தன. இவற்றில் இரண்டு மழைக்காலத்தில் ஊசியால் தோண்டி எடுத்தது ஒரே ஒரு மணலைத்தான். பின்முனை மேடு முதல் குளிர்காலத்திலேயே தேய்ந்து மறைந்தது; அதற்குள் சாய்வு நிலைத்துவிட்டதால் ஒலி திரும்பவில்லை. விலை சாதாரணக் கட்டைகளைவிடக் கூடுதல்தான். பின் சக்கரத்துக்கும் ஒரு ஜோடி வாங்கிவிட்டேன்.