பழைய லேத் சக் வாங்கப் போறீங்களா? 48,500 ரூபா குடுத்து நான் வாங்கின கதையைக் கேட்டுட்டுப் போங்க

கோபம் அடங்க முதலே எழுதுறன், எழுத்துப் பிழை இருந்தா பாக்காதீங்க. திருகோணமலையில சின்னதா ஒரு லேத் பட்டறை வச்சிருக்கிறன், அப்பா காலத்து இந்திய மெசின், பெல்ட்டில ஓடுறது, போட் ஷாஃப்ட், தண்ணி மோட்டர் ஷாஃப்ட், புஷ் அடிக்கிறது, லேண்ட்மாஸ்டர் (ரெண்டு சில்லு உழவு மெசின்) சாமான், இதுதான் வேலை. சக் (லேத்தில கடையிற கம்பியை இறுக்கிப் பிடிச்சுச் சுத்துற தலை) புதுசு வாங்கிறதா பழசு வாங்கிறதா எண்டு யோசிக்கிற ஆக்களுக்கு ஆறுதலா, விளக்கமா ஒரு பதிவு போடோணும் எண்டு கனநாளா நினைச்சிருந்தன். கடைசியில இப்பிடி எழுத வேண்டி வந்திட்டு.

என்ட 8 இஞ்சி மூணு ஜோ சக் நல்லாத் தேய்ஞ்சு போச்சு. ஜோ எண்டா கம்பியைக் கவ்விப் பிடிக்கிற தாடை. ஜோ மூண்டும் வாய்ப்பக்கம் விரிஞ்சு, கம்பியைப் பிடிச்சா உள்ளுக்கை இறுகுது, முன்னுக்கு ஒரு கடுதாசித் துண்டு நுழையுது. அதோட நீட்டுக் கம்பி கடைஞ்சா சிலும்பும். கொழும்பில புது சீனச் சக் விலை கேட்டன், 82,000 எண்டாங்க. அந்த நேரம்தான் ஒன்லைன் விளம்பரத்தில ஒரு பழைய மெசின் இறக்கி விக்கிற கடை, "ஜப்பான் சக், 8 இஞ்சி, பாவிச்சது குறைவு, 48,500" எண்டு படத்தோட போட்டிருந்தாங்க. கடைப் பேரும் சொல்ல மாட்டன், விளம்பரம் வந்த இடத்தின்ட பேரும் சொல்ல மாட்டன், சொன்னா நாளைக்கு எனக்குத்தான் வக்கீல் கடிதம் வரும்.

கோல் எடுத்தன். எடுத்தவர் சிங்களத்தில தொடங்கி என்ட கதையைக் கேட்டவுடன தமிழுக்கு மாறினார். "எந்த இடம் தம்பி? திருகோணமலையா? அட, என்ட மனிசி உப்புவெளி. கோணேசர் தேருக்கு வருசா வருசம் வாறனாங்கள்." அதுக்குப் பிறகு சக்கைப் பத்திக் கதைச்சது அஞ்சு நிமிசம், ஊரைப் பத்திக் கதைச்சது இருபது நிமிசம். கன்னியா வெந்நீர் ஊற்று, நிலாவெளி மீன் எண்டு போச்சு. நானும் அண்ணன் அண்ணன் எண்டு இளகிட்டன். "உங்களுக்குத் தாறதில நான் ஏமாத்துவனா தம்பி, பத்திரகாளி அம்மன் அறிய நல்ல சாமான்" எண்டார். அந்த இடத்திலதான் நான் விழுந்தன். என்னட்ட வேலை பழகிற பொடியனுக்கு "கண்ணால பாத்து அளவு சொல்லாத, கேஜ் வச்சுச் சொல்லு" எண்டு நாளைக்குப் பத்துத் தரம் கத்துறவன் நான். ஒருத்தன் அம்மன் பேரைச் சொன்னவுடன எல்லாம் மறந்து போச்சு.

அப்பவும் விடியோ கேட்டனான், கேக்காம இல்ல. வட்ஸ்அப்பில அனுப்பினார். பச்சைப் பெயின்ற் மினுங்குது, சக் சாவியைப் போட்டு ரெண்டு விரலால சுத்துறார், மூணு ஜோவும் வழுக்கிக்கொண்டு வெளிய போகுது, திரும்பக் கொஞ்சம் உள்ள வருது, பிறகு வெளிய போகுது. அந்த விடியோவை இப்ப நாற்பது தரம் பாத்திருப்பன். ஒரு தரம் கூட ஜோவை நடுவுக்குக் கொண்டு வரேல்ல! கைமுட்டி நுழையிற அளவுக்கு விரிச்சு வச்சுக்கொண்டுதான் ஆட்டிக் காட்டியிருக்கிறார். நான் பிடிக்கிறது 25, 38 மில்லிமீட்டர் கம்பி. அந்த அளவுக்கு ஸ்க்ரோலின்ட (உள்ள இருந்து ஜோவை நகத்துற சுருள் தட்டு) வேற இடத்திலதான் ஜோ ஏறும். அப்ப இது மூளையில ஏறேல்ல.

பேங்க்ல காசு போட்டன், 48,500, முழுசா, ஒரேயடியா. பில் கேக்கேல்ல. "சாமானோட வரும் தம்பி" எண்டார். இரவு பஸ்ஸில சீமெந்து பேக்ல சுத்தி வந்திச்சு, பஸ்காரனுக்கு 1,200 வேற. பில் வரேல்ல.

அண்டைக்குக் கொட்பேயில இருந்து ஒரு போட்காரர் 38 ஷாஃப்டோட வந்து பட்டறை வாசல்ல நிண்டு கொண்டு அவசரப்படுத்துறார். அந்த அவசரத்தில நான் செஞ்ச வேலைதான் இண்டைக்கும் நித்திரை வராம வைக்குது. வந்த சக்கின்ட முதுகுப் பள்ளம், என்ட பேக் பிளேட்டில (சக்கை மெசினோட பூட்டுற வார்ப்புத் தட்டு) அது வந்து குந்திற படியை விடக் கொஞ்சம் சின்னன். சக்கைக் கழட்டிப் பாக்காம, தட்டிப் பாக்காம, பேக் பிளேட்டை மெசின்ல போட்டுப் படியைக் கடைஞ்சு குறைச்சிட்டன். அச்சொட்டா இருந்திச்சு, அந்த ஒரு வேலை மட்டும் வடிவா வந்திச்சு. ஆனா கடைஞ்ச வார்ப்பு திரும்ப வளருமா? இப்ப பழைய சக்கும் அதில லொட லொட எண்டு நிக்குது.

பூட்டி, 38 கிரவுண்ட் கம்பியை (அச்சொட்டா உருண்டையாத் தீட்டின கம்பி) பிடிச்சு, ஆட்டம் அளக்கிற டயல் கேஜ் வச்சன். ஜோவுக்குப் பக்கத்திலயே முள்ளு 0.42 மில்லிமீட்டர் ஆடுது. நூறு மில்லிமீட்டர் தள்ளி வச்சா 0.7. கம்பியைத் திருப்பிப் பிடிச்சன், சாவியை மற்ற மற்ற ஓட்டையில போட்டு இறுக்கினன், அதேதான். என்ட தேய்ஞ்சு போன பழைய சக்கே 0.15தான் ஆடினது. அதோட சாவி ஒரு இடத்துக்கு வந்தா கட்டை மாதிரி நிக்குது, பலம் குடுத்தா "டக்" எண்டு தாண்டுது.

கழட்டினன். உள்ள இருந்த கறுப்புக் கிறீஸை டீசல்ல கழுவி எடுக்க எடுக்க வண்டவாளம் வருது. ஸ்க்ரோலின்ட வெளிச் சுத்தெல்லாம் புதுசு மாதிரி, நடுச் சுத்து ரெண்டும் கத்தி மாதிரித் தேய்ஞ்சு, ஒரு இடத்தில உடைஞ்சதுக்குப் பித்தளை ஒட்டு வச்சு அரத்தால ராவி விட்டிருக்கு. ஜோவில 1, 2, 3 இருக்கு, ஆனா ரெண்டாம் ஜோவில பழைய இலக்கத்தைத் தேய்ச்சிட்டுப் புதுசா 2 குத்தியிருக்கு. ஒரு சக்கின்ட ஜோ மற்றச் சக்குக்குச் சரிவராது எண்டு லேத் தெரிஞ்ச எல்லாருக்கும் தெரியும். அதை விட, பொடியன்தான் கண்டவன், ஜோ ஓடுற காடி மூலையில பெயின்ற் லேசா வெடிச்சிருக்கு எண்டு. சுரண்டினன். மயிர் மாதிரி ஒரு வெடிப்பு, பாதி தூரம் பித்தளை ஊத்தி மேல பச்சை அடிச்சிருக்கு. சுத்தியல் பிடியால தட்டிப் பாத்தா ஓட்டைப் பானைச் சத்தம். வார்ப்பிரும்பு சாமான், நிமிசத்துக்கு 600 சுத்தில விட்டுக் கழண்டு பறந்திருந்தா முன்னுக்கு நிண்டது நான் இல்ல, அந்தப் பொடியன். 48,500 போனதை விட இதுதான் எனக்கு வயிறு எரியிது.

இனி அவர் கதையைக் கேளுங்க. முதல் கோல்: "அப்பிடி இருக்காதே தம்பி, உங்கட ஸ்பிண்டில் பெயரிங் போயிருக்கும்." ஸ்பிண்டில் எண்டா சக்கைச் சுத்துற மெசின்ட தண்டு. ஸ்பிண்டில்ல கேஜ் வச்சு விடியோ அனுப்பினன், முள்ளு அசையேல்ல. ரெண்டாவது: "பேக் பிளேட் கோணலாக் கடைஞ்சிருப்பீங்க." அதுக்கும் விடியோ அனுப்பினன். மூணாவது, வெடிப்புப் படத்தைப் பாத்திட்டு: "அது பஸ்ஸில போட்டு உடைச்சிருப்பாங்கள்." பஸ்ஸில உடைஞ்சதுக்குப் பஸ்காரனே பித்தளை ஒட்டி, பச்சைப் பெயின்றும் அடிச்சு அனுப்பினவனா எண்டு கேட்டன். அதோட தம்பி போச்சு, "மிஸ்டர்" ஆயிட்டன். "மிஸ்டர், பழைய சாமான் உள்ளபடிதான் விக்கிறது." பிறகு ஒரு பொம்பிளைப் பிள்ளை எடுத்து "பொஸ் வெளியில" எண்டிச்சு. ஒன்பது நாளா பொஸ் வெளியில. விளம்பரம் வந்த இடத்துக்கு முறைப்பாடு போட்டன், விக்கிறவரும் வாங்கிறவரும் பேசித் தீர்க்கோணுமாம். அதே படத்தோட அதே விளம்பரம் நேற்றும் கிடந்திச்சு, விலை மட்டும் 46,000 ஆக்கியிருக்கு. அப்ப இதே மாதிரி இன்னும் வச்சிருக்கிறாரோ, இல்ல என்னட்டத் திரும்ப வாங்கிற யோசனையோ தெரியேல்ல.

நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 எண்ட நம்பருக்கு அடிச்சுச் சொல்லத்தான் போறன், பேங்க் சிட்டையும் வட்ஸ்அப் குரலும் இருக்கு.

எப்பிடிப் பாத்து வாங்கிறது எண்டு விளக்கமா எழுதத்தான் நினைச்சன், கை நடுங்குது, சுருக்கமாச் சொல்றன். நீங்க வழமையாப் பிடிக்கிற அளவுக் கம்பியை விட்டு இறுக்கிக் காட்டச் சொல்லுங்க, விரிச்சு ஆட்டிக் காட்டினா நம்பாதீங்க. ஜோ இலக்கத்தையும் சக் உடம்பு இலக்கத்தையும் கிட்டப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க. உள் ஜோ வெளி ஜோ ரெண்டு செற்றும் இருக்கா எண்டு கேளுங்க, எனக்கு ஒண்டுதான் வந்தது, அதையும் அப்ப கேக்கேல்ல. புதுப் பெயின்ற் எண்டா சுரண்டுங்க. சக்கைக் கழட்டிப் பாக்காம பேக் பிளேட்டில கத்தி வைக்காதீங்க. ஏலுமெண்டா நேர போங்க, கேஜையும் கொண்டு போங்க. 48,500க்கு நான் கொழும்புக்கு எத்தினை தரம் போய் வந்திருக்கலாம். புதுசு வாங்கினாலும் ஆட்டம் பாத்துத்தான் வாங்கோணும், அது வேற கதை, இன்னொரு நாள் எழுதுறன்.

இப்ப அவசரம் என்னெண்டா, கொட்பே போட்காரர் திங்கட்கிழமை வாறாராம். நாலு ஜோ சக்கில ஒவ்வொரு ஜோவையும் தனித்தனியா செற் பண்ணித்தான் அவற்ற ஷாஃப்டை முடிக்கப் போறன். திருகோணமலை, கிண்ணியா, மூதூர்ப் பக்கம் ஆரிட்டயாவது 8 இஞ்சிச் சக்குக்குப் பேக் பிளேட் வார்ப்பு கடையாமக் கிடந்தா சொல்லுங்க, நானே நேர வந்து பாத்துக் காசு தாறன்.