வீட்டு வேலையும் ஸ்பானிஷும்: தங்கையோடா, வீடியோ காலிலா?

சேலத்தில் இருந்துகொண்டு ஸ்பானிஷ் பேசிப் பழக எங்களுக்கு இரண்டு வழி: கூடப் படிக்கும் தங்கையோடு வேலை செய்துகொண்டே பேசுவது, அல்லது ஸ்பானிஷைத் தாய்மொழியாகப் பேசும் ஒருவரோடு வீடியோ காலில் பேசுவது.

வீடு, அறைகள், வீட்டு வேலை என்ற பாடத்துக்கு நான் தங்கை பக்கம்தான். பேச வேண்டிய பொருளெல்லாம் கண்முன்னே கிடக்கிறது. துடைப்பத்தைக் காணோமா? 'தோந்தே எஸ்தா லா எஸ்கோபா?' என்று அம்மாப்பேட்டை வீட்டு வாசலிலிருந்து கத்தினால், 'என் லா கோசினா', சமையலறையில், என்று அடுப்படியிலிருந்து பதில் வரும். பாத்திரம் யார் தேய்ப்பது என்று சண்டை வந்தால் 'தே தோகா அ தி', உன் முறை! கோபத்தில் வராத வார்த்தையும் வந்துவிடும். ஒரே குறை, இருக்கிறதா என்பதற்கு வரும் 'ஆய்', எங்கே இருக்கிறது என்பதற்கு வரும் 'எஸ்தா' இரண்டையும் மாற்றிப் போட்டால் திருத்த ஆளில்லை.

வீடியோ காலில் அதை உடனே திருத்துவார்கள், உச்சரிப்பும் தேறும். ஆனால் குளிர்காலத்தில் ஸ்பெயின் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால். இங்கே ராத்திரி 7.30 என்றால் அங்கே மதியம் 3, சாப்பாட்டு நேரம். அப்புறம், எந்த நாட்டுக்காரர் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்: பாத்திரம் கழுவுவதற்கு ஸ்பெயினில் 'ஃப்ரெகார்', மெக்சிகோவில் 'லவார்'.