புள்ளி தெரியாத டேப்

போன வாரம் டேப்பின் சார்ஜிங் பின் மாற்றினேன். இரண்டு மாதமாகவே வயரைக் கொஞ்சம் சாய்த்து, மேலே கண்ணாடிக் கூட்டை முட்டுக் கொடுத்தால்தான் சார்ஜ் ஏறும். 450 ரூபாய், அரை மணி நேரம். கடையில் காத்திருந்தபோதுதான் நண்பன் போன் செய்தான்: "அப்பாவுக்குப் படிக்க ஒரு சின்ன டேப் வேணும், நீ வெச்சிருக்கியே, அதையே வாங்கிரவா?"

"வாங்காதடா" என்றேன். என்னமோ அந்த நேரத்து எரிச்சல்.

எரிச்சல் சார்ஜிங் பின்மேல் இல்லை, அது எதில்தான் போகவில்லை. மூன்று வருடத்தில் இரண்டு முறை கட்டிலிலிருந்து விழுந்தும் கீறல்தான், உடையவில்லை. பேட்டரி இன்னும் ஒன்றரை நாள் வருகிறது. மெமரி கார்டு போடலாம், இயர்போன் ஓட்டை இருக்கிறது. பன்னிரண்டாயிரத்துக்கு வேறென்ன கேட்க முடியும் என்றால், நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: மெய்யெழுத்தின் தலையில் புள்ளி.

நான் படிப்பதில் பாதி தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் இறக்கிய பழைய புத்தகங்கள், எல்லாம் ஸ்கேன் செய்த பிடிஎஃப். ஒரு நாள் காலையில் காபியோடு உட்கார்ந்து ஒரு பழைய கட்டுரையைத் திறந்தால், பெண்களுக்குக் கலவி அவசியம், அதை அரசே இலவசமாகத் தர வேண்டும் என்று தீவிரமாகப் போகிறது. பெரிதாக்கிப் பார்த்தால் 'கல்வி'. லகரத்தின் தலையில் சாம்பல் நிறத்தில் ஏதோ அழுக்கு மாதிரி இருந்ததே, அதுதான் புள்ளி.

காரணம் எளிது. இந்த விலையில் வரும் 8.7 அங்குல டேப்களில் பல, எந்தக் கம்பெனியாக இருந்தாலும், 1340 × 800 பிக்சல் திரைதான். ஐந்தரை அங்குல அகலப் பக்கத்தை 300 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 300 பிக்சலாக ஸ்கேன் செய்தால் 1650 பிக்சல் வரும். அதை 800-க்குள் அடைத்தால் நாலைந்து பிக்சல் அகலமுள்ள புள்ளி இரண்டாகிச் சாம்பலாகிவிடும். ஆங்கிலத்தில் ஐ எழுத்தின் தலைப்புள்ளி போனால் யாருக்கும் நஷ்டமில்லை, நமக்கு வார்த்தையே மாறிப்போகிறது. படமாக இல்லாமல் எழுத்தாகவே இருக்கும் இபப் கோப்பு என்றால் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பெட்டியில் மட்டும் 90 ஹெர்ட்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். சரி, இல்லாத புள்ளியை வினாடிக்கு 90 முறை காட்டி என்ன ஆகப்போகிறது?

இத்தனைக்கும் 2013-லேயே கூகுளுக்காக ஆசுஸ் செய்த இரண்டாவது நெக்ஸஸ் 7, ஏழே அங்குலத்தில் 1920 × 1200 கொடுத்தது, அமெரிக்காவில் 229 டாலருக்கு. அங்குலத்துக்கு 323 பிக்சல். என்னுடையதில் 180 கூட இல்லை.

அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் ஐபேட் மினி வைத்திருக்கிறார். அதே கட்டுரையை அதில் திறந்தேன்: ஒவ்வொரு புள்ளியும் கடுகு மாதிரி தனித்தனியாக நிற்கிறது. இன்னொரு வேடிக்கை, 8.3 அங்குலத் திரை என்னுடைய 8.7-ஐ விட அகலம். அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளப்பதால் ஒல்லியாக நீட்டினாலும் எண் ஏறிவிடும்; கணக்குப் போட்டால் அதன் அகலம் 11.6 சென்டிமீட்டர், என்னுடையது 11.3. எடையும் 300 கிராமுக்குள், மல்லாக்கப் படுத்துப் படிக்கும்போது கை கடுக்காது. 2024-இல் வந்த, ஏ17 புரோ சிப் உள்ள மினி இங்கே 49,900 ரூபாயில் தொடங்கியது, அதில் என்னுடையதைப் போல நாலு வாங்கலாம். கார்டு போட முடியாது.

இதையெல்லாம் நண்பனுக்கு விளக்கமாகச் சொல்லி, அப்பா ஸ்கேன் புத்தகம் படிப்பவர் என்றால் பழைய மினியாவது தேடு, என்னுடையதைத் தொடாதே என்று முடித்தேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப அதை வெச்சு நீ என்ன பண்ணப்போற, ஐயாயிரத்துக்கு எனக்கே குடுத்துடேன், அப்பா பேப்பர்தான் படிப்பாரு" என்றான்.

பின் மாற்றி, கார்டில் ஆயிரத்துச் சொச்சம் புத்தகத்தோடு அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. தர முடியாது என்று சொல்லிவிட்டேன்.