ரிப்போர்ட்லேப் அட்டவணையில் நீண்ட உரையை மடக்குதல்: பயன்பாட்டு அனுபவம்

பைத்தான் நிரல்மொழியில் பிடிஎஃப் அறிக்கைகளை உருவாக்குவதற்கு ரிப்போர்ட்லேப் நூலகத்தைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். பெரும்பாலும் அவை பராமரிப்புப் பணிகளின் பட்டியல்கள். தேதி, இடம், நிலை ஆகிய குறுகிய நெடுவரிசைகளோடு ‘விவரம்’ என்று ஒன்றும் இருக்கும். அதில் ஒருவர் ஒற்றைச் சொல் எழுதுவார், இன்னொருவர் அரைப் பக்கம் எழுதுவார். இந்த நூலகத்தின் மீது எனக்குள்ள மதிப்பும் சலிப்பும் அந்த நெடுவரிசையால் வந்தவை.

கட்டத்தில் உரையை வெறும் எழுத்துச் சரமாகக் கொடுத்தால், அகலத்தைக் குறித்திருந்தாலும் அது மடங்காமல் கோட்டைத் தாண்டி அடுத்த கட்டத்தின் மேல் ஓடும். அதைப் பாராகிராஃப் என்னும், நூலகத்தின் பத்திப் பொருளாக மாற்றிக் கொடுத்தால்தான் மடங்கும். ஆனால் அதன்பின் அட்டவணையின் தோற்றத்தை வரையறுக்கும் டேபிள்ஸ்டைலில் குறித்த எழுத்துரு, அளவு, நிறம் எதையும் அந்தக் கட்டம் பொருட்படுத்தாது. எல்லாவற்றையும் பத்திக்குரிய பாணியில் மீண்டும் சொல்ல வேண்டும். இயல்பாக 10 புள்ளி (ஒரு புள்ளி அங்குலத்தில் 72-ல் ஒரு பங்கு) எழுத்துக்கு 12 புள்ளி வரி உயரம் என்பதால், எழுத்தை மட்டும் பெரிதாக்கினால் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று படியும். மேலும், பாராகிராஃப் தன் உரையைக் குறிச்சொற்கள் கொண்டதாகவே படிக்கும்; ஆகவே பயனர் உள்ளிட்ட ஆம்பர்சண்ட் (&), சிறிது என்னும் குறி (<) ஆகியவற்றை முன்கூட்டியே அவற்றுக்குரிய குறியீடுகளாக மாற்றிவிடுவது நல்லது. அவர் தட்டிய வரிமுறிவுகளும் வெறும் இடைவெளியாகிவிடும்.

அகலத்தை நூலகத்தின் கணிப்புக்கு விடுவதை நான் விரும்புவதில்லை. ஏ4 தாளின் அகலம் ஏறத்தாழ 595 புள்ளிகள். இயல்பான ஓரங்கள் இருபுறமும் 72, உள்ளடக்கம் அமரும் சட்டகத்தின் உள்ளிடைவெளி இருபுறமும் 6 என்று கழித்தால் 439 எஞ்சும். குறுகிய நெடுவரிசைகளுக்கு வேண்டியதை ஒதுக்கிவிட்டு, மிச்சம் முழுவதையும் விவரத்துக்குக் கொடுக்கிறேன். செங்குத்துச் சீரமைப்பை மேல்பக்கமாக மாற்றுவதும் அவசியம். இயல்பிருப்பு கீழ்ப்பக்கம் என்பதால், நீண்ட விவரத்துக்குப் பக்கத்தில் தேதி அடியில் போய் ஒட்டிக்கொள்ளும்.

அட்டவணை இயல்பாகக் கிடைவரிசைகளுக்கு இடையில்தான் பக்கம் பிரிகிறது. ஒரே வரிசை பக்கத்தைவிட உயரமாகிவிட்டால், தளவமைப்புப் பிழையோடு அறிக்கை முழுவதும் நின்றுவிடும். புதிய பதிப்புகளில் வரிசைக்குள்ளேயே பிரிக்கும் வசதி உண்டு என்றாலும், அவ்வளவு நீளமான உரை அட்டவணைக்கு உரியதே அல்ல என்பது என் கருத்து. அதற்கு எண் கொடுத்து, அட்டவணைக்குக் கீழே சாதாரணப் பத்தியாக அச்சிடுகிறேன்.

ஆங்கில அறிக்கைகளுக்கு இவ்வளவு போதும். தமிழ் உரைக்கோ, குறிகளை உரிய இடத்தில் பொருத்தும் எழுத்துவடிவாக்கம் இல்லாத பதிப்புகளில் ஒற்றைக்கொம்பு மெய்க்குப் பின்னால் போய் நிற்கும். நீண்ட சொல்லை எங்கு வேண்டுமானாலும் உடைக்கும் சிஜேகே (சீன, ஜப்பானிய, கொரிய) மடக்கு முறையில் உயிர்மெய்க் குறியே அடுத்த வரிக்குப் பிரிந்துபோகக்கூடும். ஆகவே தமிழ் அறிக்கைகளை ஹெச்டிஎம்எல்லாக எழுதி, பாங்கோ என்னும் உரையமைப்பு நூலகத்தின் துணையோடு எழுத்துகளை வடிவமைத்துப் பிடிஎஃப் ஆக்கும் வீஸிபிரிண்ட் என்னும் கருவியிடம் கொடுத்துவிடுகிறேன். அங்கே கட்டத்து உரை தானாகவே மடங்குகிறது.