வீட்டில் அச்சடிக்கும் கிறிஸ்துமஸ் அட்டைக்கு காலிகோ சேஃப் வாஷ் கறுப்பு மை

டிசம்பர் பிறந்தால் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பல குடும்பங்கள் உறவுக்கும் நட்புக்கும் ஒரு கடிதம் அனுப்பும். வீட்டில் யார் பிறந்தார், யார் வீடு மாறினார், எந்தப் பிள்ளை எந்தப் படிப்பில் சேர்ந்தது, பாட்டி எப்படி இருக்கிறார் என்று அந்த வருடத்தின் கதை முழுவதும் அதில் இருக்கும். வரையத் தெரிந்தவர்கள் உள்ள வீடுகளில் அந்தக் கடிதம் படமாகிவிடும். ஒருவர் லினோ என்ற, உளியால் வெட்டக்கூடிய தரைவிரிப்புப் பலகையில் படத்தைச் செதுக்கிக் கறுப்பில் அச்சடிப்பார். உலர்ந்தபின் எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாட்டர்கலர் தீட்டுவார்கள். பழைய வழிதான் இது. 1843-இல் லண்டனில் ஹென்றி கோல் வெளியிட்ட முதல் வணிக கிறிஸ்துமஸ் அட்டை, ஜான் கால்காட் ஹார்ஸ்லி வரைந்தது, கல்லச்சில் கோடு அடித்துக் கையால் வண்ணம் ஏற்றியதே. அதன் நடுவிலும் ஒரு குடும்பம்தான் விருந்துண்டு கொண்டிருக்கும்.

அச்சின் மேல் ஈரத் தூரிகை ஓடப்போகிறது என்றால் உளியையும் காகிதத்தையும்விட மையைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். நீரில் கரையும் சாதாரண லினோ மை சீக்கிரம் உலரும், கழுவுவதும் எளிது. ஆனால் உலர்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் கரையும். பாட்டியின் சிவப்புச் சால்வைக்கு நிறம் வைக்கப் போனால் கறுப்பும் சேர்ந்து இழுபட்டு அழுக்குச் சாம்பலாகிவிடும். பழைய பாணி எண்ணெய் மை கரையாது என்றாலும் அதைத் துடைக்க டர்பன்டைன் போன்ற கரைப்பான் வேண்டும். குழந்தைகள் சாப்பிடுகிற மேசையில் அது வேண்டாம்.

வேல்ஸில் உள்ள கிரான்ஃபீல்ட் கலர்ஸ் தயாரிக்கும் காலிகோ சேஃப் வாஷ் ரிலீஃப் மை (செதுக்கிய பலகையின் மேடான பகுதியில் ஏற்றி அச்சடிக்கும் மை) இந்த இரண்டுக்கும் நடுவே சரியாகப் பொருந்துகிறது. இதுவும் எண்ணெய் மைதான். ஆனால் ஈரமாக இருக்கும்வரை சோப்பும் தண்ணீரும் போட்டால் போய்விடும். முழுக்க உலர்ந்துவிட்டால் தண்ணீருக்கு அசையாது. 75 மி.லி., 150 மி.லி. டியூப்களிலும் 250 கிராம், 500 கிராம் டின்களிலும் வருகிறது. வீட்டுக்கு டியூப்தான் சரி. டின்னைத் திறந்து மூடினால் காற்றுப்பட்டு மேலே ஏடு கட்டும். அந்த ஏட்டின் துணுக்குகள் உருளையில் ஏறி அச்சில் வெள்ளைப் புள்ளியாக விழும். அஞ்சலட்டை அளவான ஏ6 அச்சுக்குக் கால் மில்லி மை போதும். 75 மி.லி. டியூப் ஒன்றில் 100 அட்டை தாராளமாக அடிக்கலாம், வீணாவதையும் சேர்த்து.

நிறத்தில் குறையில்லை. கறுப்பு ஆழமாக, திட்டுத் திட்டாக இல்லாமல் உட்காருகிறது. டியூபிலிருந்து வரும்போது கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், குளிர்ந்த அறையில் இன்னும் அதிகம். பட்டாணி அளவு இரண்டு மூன்றைக் கண்ணாடி மேல் வைத்து, பேலட் கத்தியால் இரண்டு நிமிடம் பிசைந்து இளக்கிய பிறகே ரப்பர் உருளையை வைக்க வேண்டும். சரியான அளவு எது என்று காது சொல்லும். பட்டுத்துணி உரசுவதுபோல் மெல்லிய சரசரப்பு கேட்டால் சரி. சேற்றில் நடப்பதுபோல் சளசளத்தால் மை அதிகம். கண்ணாடி மேல் ஆரஞ்சுத் தோல் மாதிரிப் புள்ளி புள்ளியாகத் தெரியும். அப்படியே லினோவில் ஏற்றினால் மெல்லிய வெட்டுகள் எல்லாம் அடைபட்டு, முகத்தில் கண் காணாமல் போகும். கனமாக ஒரு முறை பூசுவதைவிட மெல்லியதாக மூன்று நான்கு முறை ஓட்டுவது எப்போதும் நல்லது. முதல் இரண்டு மூன்று பிரதிகள் வெளிறித்தான் வரும். லினோ மையைக் குடித்து நிறைய அத்தனை நேரமாகும், அதற்காக மையைக் கூட்டக் கூடாது.

இதன் ஒரே பெரிய சங்கடம் உலரும் நேரம். இந்த மையில் தண்ணீர் ஆவியாவதில்லை. எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. அதனால் மெல்லிய பூச்சும் மை உறிஞ்சும் காகிதமும் என்றால் மூன்று நான்கு நாள். கனமான பூச்சும் பளபளப்பான அட்டையும் என்றால் இரண்டு வாரம்கூட ஆகலாம். குளிரும் ஈரமும் இதை இன்னும் தாமதப்படுத்தும், கிறிஸ்துமஸ் வருவதோ அதே காலத்தில். ஆகவே நவம்பர் மூன்றாம் வாரத்துக்குள் அச்சை முடித்துவிடுவது நல்லது. உலர்த்தும் சேர்மானம் தனியாகக் கிடைக்கிறது. அதை அன்றன்று எடுத்த மையில் மட்டும் துளியளவு கலக்கலாம், டியூபுக்குள் அல்ல. கலந்தபின் கண்ணாடியிலேயே மை இறுகத் தொடங்கும் என்பதால் எல்லா அட்டையையும் ஒரே மூச்சில் அடிப்பவர்களுக்குத்தான் அது பயன்படும். அட்டைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கவே கூடாது, மேல் அட்டையின் முதுகில் கீழ் அட்டையின் படம் ஒட்டிக்கொள்ளும். கொடி கட்டித் துணிக் கிளிப்பில் தொங்கவிடலாம்.

தூரிகையை எடுக்கும் முன் ஒரு சோதனை அவசியம். வீணான பிரதி ஒன்றில், கறுப்பு அதிகம் உள்ள இடத்தில், ஈரப் பஞ்சால் பத்து முறை தேய்க்க வேண்டும். பஞ்சில் சாம்பல் நிறம் ஏறினால் இன்னும் இரண்டு நாள் பொறுக்க வேண்டும். சோப்பில் கழுவக்கூடிய மை என்பதால் உலராதபோது நீர் பட்டால் சாதா எண்ணெய் மையைவிட எளிதாகக் கலங்கும். இந்த மையைக் குறை சொல்பவர்களில் பலர் அவசரப்பட்டு இங்கேதான் சறுக்குகிறார்கள்.

காகிதத்தில் இழுபறி உண்டு. கையால் தேய்த்து அச்செடுக்க மெல்லிய, வழுவழுப்பான தாள் வேண்டும். வாட்டர்கலருக்கும் மடித்த அட்டை நிற்பதற்கும் தடிமன் வேண்டும். 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) சொரசொரத் தாளில் மரக்கரண்டியால் எவ்வளவு அழுத்தினாலும் பள்ளங்களில் மை இறங்காது. வழுவழுப்பான 200 ஜிஎஸ்எம் அளவில் நின்றால் இரண்டும் நடக்கும். ஏ5 தாளை மடித்தால் ஏ6 அட்டை. தாளின் நார் ஓடும் திசையிலேயே மடிப்பு வரவேண்டும், குறுக்கே மடித்தால் விளிம்பு வெடிக்கும். உள்ளே கடித வரிகள் வேண்டும் என்றால் அவற்றைப் பிரிண்டரில் முதலில் அடித்துவிட்டுப் பிறகு லினோவுக்கு வரவேண்டும். ஈர எண்ணெய் மை பிரிண்டர் உருளையில் ஏறினால் பிரிண்டரே கெட்டுப்போகும்.

லினோவைப் பற்றி ஒன்று. 1860-களில் ஃபிரெடரிக் வால்டன் உருவாக்கிய இந்தத் தரைவிரிப்புப் பொருளில் இருப்பது ஆக்சிஜனேறிய ஆளிவிதை எண்ணெயும் தக்கைத் தூளும். மை எப்படி இறுகுகிறதோ அப்படியே லினோவும் வருடம் போகப் போக இறுகும். பரணில் கிடந்த பழைய பலகை உளிக்கு நொறுங்குவது அதனால்தான். ஹேர் டிரையரால் ஒரு நிமிடம் சூடேற்றினால் வெண்ணெய்போல் வெட்டும், ஆறினால் மறுபடி சூடேற்ற வேண்டும். புதிதாக வாங்கினால் சணல் துணி ஒட்டிய 3.2 மி.மீ. சாம்பல் நிற லினோ போதும்.

படத்தில் பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு கட்டம் போடத்தான் எல்லோருக்கும் ஆசை. ஏ6-இல் ஓரமும் இடைவெளியும் போக ஒரு கட்டம் சுமார் 3 செ.மீ. சதுரம்தான் வரும். அதற்குள் ஒரு முகமும் ஒரு வயலினும் அடங்காது. ஐந்து நிகழ்ச்சி போதும்: ஒன்று பெரிதாக நடுவில், நான்கு மூலைகளில். அட்டையைப் பார்ப்பவர் முதலில் தேடுவது குழந்தைகளை. அவர்கள் பென்சிலில் கிறுக்கிய கோட்டையே டிரேசிங் தாளில் எடுத்து, தாளைத் திருப்பி வைத்து லினோவில் பதித்தால் அந்த வயதின் கை அப்படியே நிற்கும். திருப்பி வைப்பதை மறந்தால் வருட எண்ணும் பெயர்களும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறி வரும். 4 மி.மீ.க்குக் குறைந்த எழுத்தைச் செதுக்க முயலவே வேண்டாம், உள்வட்டம் பெயர்ந்துவிடும்.

அஞ்சலில் ஏ6 அட்டை சி6 உறைக்குள் போகும். பிரிட்டனில் சாதாரண கடிதத்துக்கான 240 × 165 மி.மீ. எல்லைக்குள் வசதியாக அடங்கும். அமெரிக்காவுக்குள் அனுப்புபவர்கள் சதுர உறையைத் தவிர்க்கலாம், அதற்குக் கூடுதல் கட்டணம் உண்டு. உறைக்குள் பட்டர் பேப்பர் துண்டு ஒன்றை வைத்தால் படம் எதிர்ப்பக்கத்தில் பதியாது.

சுத்தம் செய்வதில் இந்த மையின் பெயரை நம்பி நேராகக் குழாயடிக்குக் கொண்டுபோகக் கூடாது. முதலில் பழைய செய்தித்தாளால் மிச்ச மையை வழித்தெடுக்க வேண்டும். அடுத்து, பாத்திரம் கழுவும் திரவ சோப்பைத் தண்ணீர் சேர்க்காமல் துணியில் விட்டுத் தேய்க்க வேண்டும். தண்ணீர் கடைசியில்தான். லினோவை ஊறவைத்தால் சணல் சுருங்கிப் பலகை வளையும். துடைத்த துணியைக் கசக்கி மூலையில் எறிவது ஆபத்து: ஆளிவிதை எண்ணெய் போன்ற உலரும் எண்ணெய்கள் இறுகும்போது சூடு வரும், குவியலில் அது தானாகவே தீப்பற்றலாம். வெளியே விரித்துக் காயவிட்டுப் பிறகு எறிய வேண்டும்.

வருடத்துக்கு ஒருமுறை மட்டும் திறக்கிற டியூபாக இருந்தால், மூடும் முன் கழுத்தின் மரையைத் துடைத்து, காற்று வெளியேறும்படி அடியிலிருந்து சுருட்டி வைக்க வேண்டும். மரையில் மை இறுகிப்போனால் அடுத்த நவம்பரில் மூடி திறப்பதற்குள் டியூப் பிளந்துவிடும்.