ரத்தக்கழிச்சலுக்கு ஆம்ப்ரோலியமா, டோல்ட்ராசுரிலா, சல்ஃபாவா?

காலையில் பஞ்சாரத்தைத் தூக்கினால் எச்சத்தில் ரத்தம், ஓரத்தில் ஐந்து வாரக் குஞ்சு சிலிர்த்துக்கொண்டு கண்மூடி நிற்கிறது என்றால் பெரும்பாலும் காக்சிடியோசிஸ்தான், ஐமீரியா என்ற ஒட்டுண்ணியால் குடலில் வரும் நோய். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தால் ராணிக்கெட்டாக இருக்கலாம்; அது வைரஸ் நோய், தலைப்பில் உள்ள மூன்று மருந்தில் எதுவும் அதற்குக் கேட்காது.

ஆம்ப்ரோலியம் பி1 வைட்டமினைப் போன்ற உருவத்தில் ஐமீரியா ஒட்டுண்ணிக்குள் புகுந்து அதைப் பட்டினி போடும். 20 சதவீதத் தூள் என்றால் லிட்டர் தண்ணீருக்கு 1.2 கிராம், 5 நாள், அதன்பின் 0.3 கிராம், ஒன்றிரண்டு வாரம். தேக்கரண்டிக் கணக்கு வேண்டாம், சின்ன டிஜிட்டல் தராசில் நிறுங்கள். தினமும் புதிதாகக் கரைக்க வேண்டும். விலை குறைவு, ஆபத்தும் குறைவு. ஆனால் "மருந்து கேட்கவில்லை" என்று புலம்புவோர் பலர் அதே தண்ணீரில் பி-காம்ப்ளெக்ஸ் டானிக்கையும் ஊற்றியிருப்பார்கள். பி1 உள்ளே போனால் மருந்தின் வேலை கெடும். டானிக்கை சிகிச்சை முடிந்தபின் கொடுங்கள். இன்னொன்று, மேய்கிற கோழி சாக்கடையில் குடித்துவிட்டு வந்தால் மருந்துத் தண்ணீரைத் தொடாது. அந்த நாட்களில் அடைத்தே வைக்க வேண்டும்.

டோல்ட்ராசுரில் குடல் செல்லுக்குள் இருக்கும் ஒட்டுண்ணியின் எல்லா நிலைகளையும் தாக்கும். ஆம்ப்ரோலியம் ஆரம்ப நிலையில்தான் பலமாக அடிக்கும். ரத்தம் தெரிவதற்குள் அந்தக் கட்டம் தாண்டியிருக்கும். அதனால் சோர்ந்துவிட்ட குஞ்சுக்கு என் ஓட்டு டோல்ட்ராசுரிலுக்கே. 2.5 சதவீதத் திரவம் லிட்டருக்கு 1 மில்லி, 48 மணி நேரம். முன்கூட்டியே கெட்டியாகக் கரைத்து வைத்தால் அடியில் படிந்துவிடும். தண்ணீரே குடிக்காத குஞ்சுக்கு எடைக்கணக்கு: கிலோவுக்கு 7 மில்லிகிராம், 2 நாள். 300 கிராம் குஞ்சுக்கு அது 0.1 மில்லிக்கும் குறைவு. காரத்தன்மை கடுமையான திரவம். வாயில் விடுவதைக் கால்நடை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். முட்டையை வீட்டில் சாப்பிடுகிறீர்கள் என்றால் முட்டைக்கோழிக்கு இது ஆகாது.

சல்ஃபா வகை மருந்து பழைய ஆள். கூடவே பாக்டீரியாவையும் கவனிக்கும். ஆனால் அளவு கொஞ்சம் மீறினாலும், நாள் நீண்டாலும் சிறுநீரகம் கெடும், ரத்தக்கசிவு கூடும். ஏற்கெனவே ரத்தம் போகிற குஞ்சுக்கு அதை ஏன் தர வேண்டும்? வெயில் காலத்தில் கோழி இரட்டிப்பாகக் குடிக்கும்போது மருந்தும் இரட்டிப்பாக உள்ளே போகும்.

எதைத் தேர்ந்தாலும் ஈர உமியை அன்றே அள்ளிவிடுங்கள். வெதுவெதுப்பான ஈரத்தில் எச்சத்தில் உள்ள ஒட்டுண்ணி முட்டைகள் ஒன்றிரண்டு நாளில் பழுத்து அடுத்த குஞ்சுக்குத் தயாராகிவிடும். பிளீச்சிங் பவுடருக்கு அவை சாகாது.