எல்லா மெனுவும் மெனு அல்ல: மேக்கில் எட்டு ஆண்டு ஸ்கிரிப்ட் அனுபவம்

வாரந்தோறும் அறுபது எழுபது கோப்புகளைத் திறந்து, ஒவ்வொன்றையும் வேறு வடிவத்தில் ஏற்றுமதி செய்து மூட வேண்டும். இதுதான் என் வேலை. மேக் செயலிகளுக்குக் கட்டளை எழுத ஆப்பிள்ஸ்கிரிப்ட் என்ற மொழி உண்டு. நான் பயன்படுத்தும் மென்பொருளுக்கு அதன் அகராதி, அதாவது நேரடியாக ஏற்கும் கட்டளைகளின் பட்டியல், கிடையாது. ஆகவே மேக்கோடு வரும் சிஸ்டம் ஈவன்ட்ஸ் என்ற பின்னணிச் செயலியின் துணையோடு, ஆள் உட்கார்ந்து கிளிக் செய்வதுபோல ஸ்கிரிப்டைக் கிளிக் செய்ய வைக்கிறேன். எட்டு ஆண்டுகளாக இந்த ஏற்பாடு ஓடுகிறது. இதற்காகச் செலவிட்ட நேரத்தில் பாதி, திரையில் மெனுவாகத் தெரிகிற ஒன்று உண்மையில் என்ன என்று கண்டறிவதிலேயே கழிந்தது.

திரையின் மேலே இருக்கும் மெனு பார்தான் இருப்பதிலேயே சாது. ஆனால் அங்கேயும் முதல் மாதம் தடுமாறினேன். ‘ஃபைல்’ என்று தெரிகிற சொல்லை மெனு என்றே நினைத்திருந்தேன். அது மெனு பார் ஐட்டம். அதற்குள் அதே பெயரில் ஒரு மெனு இருக்கிறது. அந்த மெனுவுக்குள்தான் மெனு ஐட்டங்கள். துணை மெனு என்றால் ஐட்டத்துக்குள் இன்னொரு மெனு, அதற்குள் இன்னும் சில ஐட்டங்கள். நடுவில் ஒரு படியை விட்டாலும் ஸ்கிரிப்ட் நின்றுவிடும். நடுவே வரும் பிரிப்புக் கோடுகளும் பெயரில்லாத ஐட்டங்களாகக் கணக்கில் சேரும். கண்ணால் எண்ணி ‘ஐந்தாவது ஐட்டம்’ என்று எழுதினால் வேறு எதையோ அமுக்கிவிடும்.

பெயரால் அழைப்பதிலும் ஒரு பொறி உண்டு. ‘எக்ஸ்போர்ட்’ என்பதை அடுத்து மூன்று புள்ளிகள் தெரிந்தன. நானும் மூன்று புள்ளிகளைத் தட்டினேன். அப்படி ஒரு ஐட்டமே இல்லை என்று -1728 பிழை வந்தது. ஒரு மாலை முழுவதும் எழுத்துக் கூட்டிப் பார்த்தும் புரியவில்லை. அங்கே இருந்தது மூன்று புள்ளிகளும் சேர்ந்த ஒரே எழுத்து; மேக்கில் ஆப்ஷன் விசையோடு அரைப்புள்ளி விசையை அழுத்தினால் வருவது. அன்றிலிருந்து மெனுப் பெயர்களைக் கையால் தட்டுவதில்லை. ஐட்டங்களின் பெயர்களை ஸ்கிரிப்டிடமே கேட்டு வாங்கி, அப்படியே ஒட்டுகிறேன்.

மெனு பாரில் இருக்கும் மெனுவைத் திறக்காமலேயே அதன் ஐட்டத்தைக் கிளிக் செய்துவிடலாம். இந்த வசதிக்குப் பழகிப்போய்தான் பாப் அப் பட்டனிடம் தோற்றேன். ஏற்றுமதிப் பெட்டியில் கோப்பு வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் பட்டன் அது. அதன் மெனு, பட்டனைக் கிளிக் செய்த பிறகுதான் பிறக்கிறது, மூடினால் மறைந்துவிடுகிறது. கிளிக் செய்யாமல் ‘மெனு 1’ என்று கேட்டால் -1719, அதாவது ‘அந்த எண்ணில் எதுவும் இல்லை’ என்ற பிழை. 2013-இல் வந்த மேவரிக்ஸ் என்ற மேக் இயங்குதளப் பதிப்பு முதல் இந்த வகை ஸ்கிரிப்டுகளுக்கு ஒவ்வொரு செயலியாக அனுமதி தர வேண்டும். அந்த அனுமதி இல்லாதபோதும் இதே -1719 வருவதுண்டு. எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, அனுமதிப் பட்டியலில் டிக் குறியை எடுத்தும் போட்டும் இரண்டு நாள் வீணாக்கினேன். எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த வாக்கியத்தைப் படித்திருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

பாப் அப் பட்டனும் மெனு பட்டனும் பார்க்க இரட்டைப் பிள்ளைகள். முன்னதில் தேர்ந்தெடுத்தது பட்டனின் மதிப்பாக நிலைத்து நிற்கும். வேலை நடந்ததா என்று அதைப் படித்தே சரிபார்க்கலாம். பின்னது கட்டளையை நிறைவேற்றிவிட்டு ஒன்றுமே நடக்காததுபோல நிற்கும். காம்போ பாக்ஸ் இந்தக் குடும்பமே இல்லை: எழுதும் கட்டத்துக்குக் கீழே விரியும் பட்டியல் அது. அதற்குள் மெனுவைத் தேடாமல் கட்டத்தின் மதிப்பை நேரடியாக மாற்றிவிடுவது உத்தமம்.

வலது கிளிக்கில் வரும் மெனுவுக்குச் சுட்டியை நகர்த்தத் தேவையில்லை. ‘ஏஎக்ஸ்ஷோமெனு’ என்ற செயலை அந்தப் பொருளின்மேல் ஏவினால் போதும். திறந்த மெனு பெரும்பாலும் அந்தப் பொருளின் பிள்ளையாக இருக்கும், சில செயலிகளில் அதன் தாயின் கீழ் போய் உட்கார்ந்திருக்கும். சலிப்பூட்டும் வேலைதான். ஆப்பிளின் நிரலாக்கக் கருவியான எக்ஸ்கோடோடு வரும், திரையில் உள்ள ஒவ்வொன்றின் வகையையும் காட்டும் அக்செசிபிலிட்டி இன்ஸ்பெக்டரை நான் முதன்மையாக இதற்குத்தான் திறக்கிறேன்.

மெனு பாரின் வலப்பக்கம் தனி உலகம். ஒரு செயலி அங்கே வைக்கும் சின்னம் வழக்கமாக அதன் ‘மெனு பார் 2’-இல் இருக்கும். அதைக் கிளிக் செய்ததும் ஸ்கிரிப்ட் ஐந்து நொடிபோல உறைந்து நிற்கும். சிஸ்டம் ஈவன்ட்ஸ் பதிலுக்குக் காத்திருப்பதால் வரும் தாமதம் அது. அந்தக் கிளிக்கை மட்டும் ‘இக்னோரிங் அப்ளிகேஷன் ரெஸ்பான்சஸ்’ (பதிலுக்குக் காத்திருக்காதே) தொகுதிக்குள் வைத்து, உடனே சிஸ்டம் ஈவன்ட்ஸை வலுக்கட்டாயமாக மூடிவிட்டால் தாமதம் போய்விடும். 2020-இல் பிக் சர் என்ற மேக் பதிப்பு வந்தபோது வைஃபை போன்ற சின்னங்கள் கன்ட்ரோல் சென்டர் என்ற செயல்முறைக்குக் குடிபெயர்ந்தன. வைஃபை சின்னத்தின் கீழே விரிவதைப் பார்த்தால் மெனு என்றே சத்தியம் செய்யலாம். கேட்டால் ‘விண்டோ’ என்கிறது! அதனால் இப்போது புதிதாக எதைத் தொட்டாலும் முதலில் அதன் வகையைக் கேட்கிறேன், பிறகுதான் கிளிக்.

இத்தனைக்கும் பிறகு ஒன்றே ஒன்று அகப்படவில்லை. என் மென்பொருளின் வண்ணப் பட்டியல் அது தானே வரைந்துகொள்ளும் படம். மெனுவும் இல்லை, பட்டனும் இல்லை, இன்ஸ்பெக்டருக்கு வெறும் ‘குரூப்’. கீழ் அம்பு விசையை நான்கு முறை அழுத்தி ரிட்டர்ன் தட்டும்படி எழுதி வைத்திருக்கிறேன். அந்த ஒரு ஸ்கிரிப்ட் ஓடும்போது மட்டும் இருக்கையை விட்டு எழுந்து போவதில்லை.